வலது பக்கக் கட்டம்

மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே உட்கார்ந்து ருக்ஸானா முதன்முதலாகச் செய்த வெப்சைட்டைப் பார்த்துவிட்டுத் தட்சிணாமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது, ஆடி மாசத்துக் கோயில் சீரியல் செட்டு மாதிரி மினுக்கு மினுக்குன்னு? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஆபீஸ்மா நம்மளுது. கொஞ்சம் புரொஃபஷனலா இருக்க வேணாமா?"

அவர் சிரித்ததில் தப்பே இல்லை. பக்கத்தின் தலையில் உலக உருண்டை சுழன்றது. நடுவில் விமானம் பறந்தது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. தெரிந்த வித்தை அத்தனையையும் ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருந்தாள் புண்ணியவதி.

2005ஆம் வருஷம் அது. அவளுக்கு இருபத்தொரு வயது. செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கவுண்ட்டரில் உட்காருவாள். சிஸ்டம் திறந்துவிடுவது, ஸ்கேன் எடுப்பது, பிரிண்ட் போடுவது, இதுதான் வேலை. வெப் டிசைனுக்கு கிளாஸ் எதுவும் போகவில்லை. கூடவந்த சி.டி. தொலைந்துபோன ஒரு பழைய புத்தகமும், கூட்டமில்லாத மத்தியான நேரமும்தான் அவளுக்கு வாத்தியார். தட்சிணாமூர்த்தி ஊரப்பாக்கத்தில் மாடியறை ஒன்றை ஆபீசாக்கி, வெல்டர், பிட்டர் என்று கத்தாருக்கு ஆள் அனுப்பத் தொடங்கியிருந்தார். அவர்தான் அவளை நம்பி வேலை கொடுத்த முதல் ஆள். அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

விட்டாளா? அடுத்த பத்து நாளும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நோட்டில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தாள். எங்கேயும் எதுவும் மினுக்கவில்லை. மொத்தமே இரண்டு நிறம், நீலமும் சாம்பலும். எழுத்தெல்லாம் இடது ஓரத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் நின்றது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். செம்பாக்கத்தில் யாராவது இவ்வளவு இடத்தைச் சும்மா விடுவார்களா? பெரிய கம்பெனிக்காரன் கத்த மாட்டான், அடக்கமாகத்தான் பேசுவான் என்பது அவளுக்குப் பிடிபட்டது.

மேலே பெயர், இடதுபுறம் பட்டியல், நடுவில் விஷயம், வலதுபுறம் ஒரு கட்டம் என்று பிரித்தாள். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது, வலதுபுறக் கட்டத்தைத் தவிர. அவள் பார்த்த கம்பெனிகளிலெல்லாம் அந்த இடத்தில் சிரித்த முகம் ஒன்றும், அதன் கீழே அந்த ஆள் சொன்னதாக இரண்டு மூன்று வரியும் இருந்தன. அதைக் காலியாக விட்டால் பக்கமே ஒருபுறம் சாய்ந்த மாதிரி இருந்தது.

"இப்போதைக்கு யார் போட்டோவாவது போடும்மா. ஆளுங்க போய்ச் சேர்ந்ததும் நிஜ ஆளைப் போட்டுக்கலாம்" என்றார் தட்சிணாமூர்த்தி.

கம்ப்யூட்டரில் அண்ணன் ஷாகுலின் போட்டோ கிடந்தது. டிரைவிங் லைசென்சுக்காக அவளே ஸ்கேன் எடுத்தது. ஷாகுல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். அவன் முகத்தை வெட்டிக் கட்டத்தில் ஒட்டி, 'முதாசிர், வெல்டர், தோஹா' என்று பெயர் கொடுத்தாள். கீழே என்ன எழுதுவது? தகரக் கொட்டகைச் சூட்டில் வெந்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு ஓடுகிற அண்ணனுக்கு இங்கே எதெல்லாம் கிடைக்கவில்லையோ, அதையெல்லாம் இங்கிலீஷில் எழுதினாள். ஏசி போட்ட அறை. மூன்று வேளை சாப்பாடு. வாரத்துக்கு ஒருநாள் லீவு. கூடப் பிறந்தவன் மாதிரி பார்த்துக்கொள்ளும் முதலாளி.

"பரவால்லடி, பாஸ்போர்ட்டே இல்லாம கத்தார் போய்ட்டேன்" என்று ஷாகுல் சிரித்தான். தட்சிணாமூர்த்தி இந்தத் தடவை சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கம்பெனி மாதிரியே இருக்கும்மா" என்றார். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

ஆட்கள் போனார்கள். நிஜ முகம் எதுவும் வரவில்லை. ருக்ஸானா அதை மறந்துவிடவும் இல்லை. இரண்டு தடவை அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பக்கம் மூளியாகத் தெரியவே, திரும்ப வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் இன்னும் மூன்று பேரிடம் வேலை பிடித்தாள். அழகு கெட்டுப் போகக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே அவளுக்கு இல்லை. அவள் செய்த பாவம் அதுதான்.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், வேலை நேரத்தில் ஷாகுல் வந்து நின்றான். பின்னாலேயே ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், அவன் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். லோகநாயகி என்று பெயர். ஊரப்பாக்கத்துக்காரர். பட்டறைக்கு எதிரே ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்திருந்தார். கேட் வாசலில் ஷாகுலைப் பார்த்ததும் பிடித்த பிடிதான்.

"நான் சொன்னா இந்தம்மா நம்ப மாட்டேங்குறாங்க, ருக்ஸானா. நீயே சொல்லிடு" என்றான் ஷாகுல். அவன் முகம் வெளுத்திருந்தது.

லோகநாயகி பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு தாளை எடுத்துக் கவுண்ட்டரில் விரித்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ருக்ஸானா செய்த வெப்சைட் பக்கத்தின் பிரிண்ட். வலதுபுறத்தில் ஷாகுல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எம்மவன் உதயா, வெல்டரு. இத்தப் படிச்சுக் காட்டிட்டுத்தான் கெளம்புனான். போயி அஞ்சு மாசமாவுது பாப்பா. ஏர்போர்ட்ல எறங்கிட்டேம்மான்னு ஒரு போனு, அவ்ளோதான். அனுப்பி வெச்ச ஆளு ஆபீச பூட்டிகினு போய்ட்டான். எங்க போனாலும் மனு எழுதிக் குடுன்றாங்க. இன்னிக்குப் பாத்தா முதாசிர் தம்பி எதுக்கால நிக்குது! இது திரும்பி வந்துச்சுன்னா எம்மவனும் வந்துருவான்ல? எந்த எடம்னு கேட்டா, போவவே இல்லன்னு சாதிக்குது. யாரோ மெரட்டி வெச்சிகிறாங்க. நீயாவது சொல்லு கண்ணு."

ஆமாம், போய்விட்டு வந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மாள் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார். ருக்ஸானாவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு தடவை இப்படித்தான் இல்லாததை எழுதி நிரப்பினோம் என்ற நினைப்பு வந்ததும் அதை விழுங்கிக்கொண்டாள். லைசென்சுக்கு எடுத்த போட்டோவைத் திரையில் திறந்து, அவர் பக்கம் திருப்பினாள்.

"இவன் முதாசிர் இல்லம்மா, ஷாகுல். ஏரோப்ளேன்ல ஏறினதே இல்ல. இதை வெட்டி நான்தான் அங்க வெச்சேன்."

"கீழ இன்னாவோ எழுதிகீதே?"

"அதையும் நான்தான் எழுதினேன்."

"எதுக்கு?"

அவளிடம் இருந்தது ஒரே பதில். அதைச் சொல்ல வாய் கூசியது.

"இடம் காலியா இருந்துச்சும்மா."

லோகநாயகி திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று இருவரும் நின்றார்கள். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த ரூம்ல ஏசி கெடையாதா பாப்பா?"

"தெரியலம்மா."

"சோறு?"

ருக்ஸானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உதயாவுக்கு ஏசி ஒடம்புக்கு ஒத்துக்காது. மூக்கடைச்சிக்கும். இம்மாநாளா அத்த நெனச்சித்தான் கவலப்பட்டுகினு இருந்தேன்" என்றார் லோகநாயகி.

"இப்பவே எடுத்துடுறேம்மா" என்று ருக்ஸானா கீபோர்டை இழுத்தாள். பாஸ்வேர்டு ஏற்கவில்லை. நாலு தடவை அடித்துப் பார்த்தாள். தட்சிணாமூர்த்தி அதை எப்போதோ மாற்றியிருந்தார். அவள் செய்த பக்கம் அவள் கைக்கு எட்டாத இடத்தில், நீலமும் சாம்பலுமாகத் திறந்தபடியே இருந்தது. இன்றைக்கும் எவனாவது ஒருவன் அதைப் படித்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பான்.

"அது கெடக்கட்டும்" என்றார் லோகநாயகி. பையைத் துழாவி ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து நீட்டினார். மீசை சரியாக முளைக்காத முகம். "இவனக் காணோம்னு ஒரு பக்கம் போட்டுக் குடு. இத மாதிரியே பண்ணு. இத்தப் பாத்துட்டு உதயா இன்னா சொன்னான் தெரியுமா? இவ்ளோ சுத்தமா வெச்சிகிறவன் ஏமாத்த மாட்டாம்மான்னான்."

ருக்ஸானா போட்டோவை ஸ்கேன் எடுத்தாள். பழகிய கை, கட்டங்களை மளமளவென்று அடுக்கிவிட்டது. வலதுபுறக் கட்டத்தில் உதயாவின் முகம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"கீழ என்னம்மா எழுதட்டும்?"

லோகநாயகி நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

"நீயே எழுது பாப்பா. நீ எழுதினா நம்புவாங்க."