ஸ்டோரில் வைத்த பேட்

டேபிள் டென்னிஸ் பேட் இன்னும் சூடாக இருந்தது. வனிதா கட்டைவிரலால் ரப்பரைத் தேய்த்துப் பார்த்தாள். நேற்று வரை விரலைப் பிடித்து நிறுத்திய ரப்பர். இப்போது எவர்சில்வர் தட்டைப் போல வழுக்கியது.

“நேத்து காயோட சேத்து வச்சேன்” என்றான் அவள் புருஷன் மாரீஸ்வரன். தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காயை வாட்டும் அடுப்பு அவன் பொறுப்பு. மழைக்காலத்தில் தொழிலாளர் லயத்து வீடுகளின் போர்வைகள், பிள்ளைகளின் சீருடை, ஒருமுறை பக்கத்து வீட்டு ஞானஜோதியின் பைபிள் என எல்லாம் அங்கே காய்ந்திருக்கின்றன. அதில் அவனுக்குப் பெருமை.

“பேட்டத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?”

“ஈரத்துல பூஞ்சை புடிச்சிரும்ல. ஒனக்காகத்தான புள்ள வச்சேன்.”

அவள் பேட்டைப் பையில் திணித்தாள். பஸ் வந்துவிட்டது.

சாந்தன்பாறை வாசகசாலையில் அன்று இறுதி ஆட்டம். ஜெயிப்பவள் மாவட்டப் போட்டிக்குத் தொடுபுழா போவாள். அங்கே ஆட வனிதாவிடம் ஒரு சர்வ் இருந்தது. தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு வந்து, நான்கு வருடம், யாரும் இல்லாத மேசையில் தானாகக் கண்டுபிடித்தது. பந்தின் அடியை ரப்பரால் சீவுவாள். அது எதிர்ப்பக்கம் விழும், ஒரு கணம் தயங்கும், வலையை நோக்கித் திரும்பி வரும். அவளுடையது என்று சொல்ல அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

எதிரே நின்றவள் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் ஜிஜி. வனிதா முதல் சர்வைச் சீவினாள். பந்து சுழலவில்லை. நேராகப் போய் எழும்பி நின்றது. ஜிஜி அடித்தாள். இரண்டாவதும் அப்படியே. ஐந்து புள்ளிகள் போயின.

“மெல்ல ஆடு புள்ள, அவசரப்படாத!” பெஞ்சிலிருந்து மாரீஸ்வரன் கத்தினான்.

பேட்டை அந்தப் பெஞ்சை நோக்கி எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. ஆடவும் பிடிக்கவில்லை. ஜிஜியின் பந்து வரும் வழியில் பேட்டைச் சும்மா காட்டினாள்.

ஜிஜி பந்தை மேல்நோக்கி உரசி முன்சுழலோடு அனுப்புகிறவள். நேற்றைய ரப்பராக இருந்தால் அந்தச் சுழலைப் பிடித்திருக்கும், பந்து மேலே துள்ளியிருக்கும். இந்த ரப்பர் எதையும் பிடிக்கவில்லை. பந்து தன் சுழலை வைத்துக்கொண்டே திரும்பிப் போனது. போகும்போது அது பின்சுழல். ஜிஜி அடித்தாள், வலை. மறுபடி வலை. அடுத்த பந்திலும் அதே பின்சுழல் இருக்கும் என்று நம்பி ஜிஜி தூக்கினாள். சுழலே இல்லாத பந்து மேசையைத் தாண்டிச் சுவரில் பட்டது.

“சேச்சி, பந்துல எந்தா வெச்சிருக்கீங்க? எனக்கு ஒண்ணும் மனசிலாகல.”

“ஒண்ணும் வைக்கல.”

மூன்று செட்டுக்கு ஒன்று என்று வனிதா ஜெயித்தாள். ஆட்டம் முழுக்க அவள் எதுவும் செய்யவில்லை. சுவரைப் போல நின்றாள்.

மாரீஸ்வரன் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னான். “ஸ்டோர் சூடுண்ணே! நாந்தேன் வச்சேன்.”

“அப்பக் கப்பு ஒனக்குத்தாண்டா” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஞானஜோதி அவள் தோளைத் தொட்டாள். “மொகத்த ஏன்டி இப்பிடி வச்சிருக்க? செயிச்சிட்டேல்ல. அந்த மனுசன் நல்லதுக்குத்தான செஞ்சாரு.”

காலையில் கோபப்படவாவது உரிமை இருந்தது. ஜெயித்து அதையும் தொலைத்தாயிற்று.

“தொடுபுழாவுக்கு முன்னாடி இன்னொருக்கா வச்சிருவோம். இன்னும் நல்லா வரும்” என்று மாரீஸ்வரன் பேட்டுக்குக் கை நீட்டினான்.

அவள் கொடுத்துவிட்டாள். பிறகு ஜிஜியிடம் திரும்பினாள். “ஒன் பேட்டக் கொஞ்சம் குடு.”

ஜிஜியின் ரப்பர் விரலைப் பிடித்தது.

“அந்தப் பக்கம் நில்லுங்க” என்றாள் புருஷனிடம்.

“நானா? எனக்கென்ன தெரியும்?”

“நில்லுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நின்றான். அவள் சீவினாள். பந்து அவன் பக்கம் விழுந்து, தயங்கி, வலைக்குத் திரும்பியது. அவன் பேட் காற்றை அடித்தது. பெஞ்சில் சிரித்தார்கள்.

“இன்னொண்ணு.”

மறுபடி காற்று.

“இன்னொண்ணு.”

ஆறாவது பந்துக்கு யாரும் சிரிக்கவில்லை. “போதும் புள்ள, பஸ்ஸு போயிரும்” என்றான். பந்து உருண்டு மேசைக்கு அடியில் போயிருந்தது. அவன் குனிந்து, முட்டி போட்டு அதைத் தேடினான்.

அவள் பெட்டியிலிருந்து அடுத்த பந்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தாள்.