காலியாகாத கிண்ணம்

மாதத்தின் முதல் ஞாயிறு எப்போது வரும், அப்பமும் திராட்சைச்சாறும் பகிர்கிற திருவிருந்தில் எப்போது பங்கெடுக்கலாம் என்று சபையே காத்திருக்கும். டெலிபோன் ஆபரேட்டர் அக்கா மட்டும் அந்த நாள் வராமலே போனால் தேவலை என்று நினைப்பாள்.

விஷயம் இதுதான். ஒரு வருஷமாக அவள் கிண்ணத்தை வாங்குகிறாள், உதடு வரைக்கும் கொண்டுபோகிறாள், குடிப்பதில்லை. அந்தச் சபையில் தட்டு ஒவ்வொரு பெஞ்சாகக் கைமாறி வரும். அதில் சுண்டுவிரல் உயரத்துக்குக் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மடக்குத் திராட்சைச்சாறு. குடித்துவிட்டு முன்பெஞ்சின் முதுகிலோ, முதல் பெஞ்சுக்கு எதிரே உள்ள பலகையிலோ இருக்கிற மரத்துளையில் கிண்ணத்தைச் செருக வேண்டும். இவள் நிறைந்த கிண்ணத்தையே செருகி, மேலே கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுவாள். கடைசி ஆசீர்வாதம் முடிந்ததும் கைக்குட்டையை உருவிக்கொண்டு ஓட்டம். யாரோ எல்லாவற்றையும் வாரித் தண்ணீரில் போடுவார்கள், அதில் எது நிறைந்தது எது காலி என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அப்பத் துண்டைப் பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். தூக்கிப் போடவும் பயம், தின்னவும் பயம். அது பாட்டுக்குக் காய்ந்து கிடந்தது.

தட்டைத் தொடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நல்லா கேட்டீர்கள்! மறுநாளே பைபிளும் கையுமாக ரெண்டு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். "என்னக்கா, ஏதாவது பாவத்துல இருக்கீங்களா? ஜெபிக்கலாமா?" ஜெபித்துவிட்டு அந்தத் தெரு முனை திரும்புவதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

அவளுக்கு ஒன்றும் பெரிய பாவமில்லை. திருவிருந்துக்கு முன்னால் பாஸ்டர் மாதாமாதம் ஒரே வார்த்தையைச் சொல்வார்: யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகுங்கள், அப்புறம் இந்த மேசைக்கு வாருங்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் குடித்துவிடுவார்கள். இவளால் முடியவில்லை. மனுஷரை ஏமாற்றக் கைக்குட்டை போதும், ஆண்டவரை ஏமாற்ற மனசு வரவில்லை.

மனத்தாங்கல் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ரிட்டயர்டு டீச்சர், நிமிர்ந்த முதுகு, கலையாத கொண்டை. உறவுமுறையில் சொன்னால், சம்பந்தி.

சம்பந்தி ஆவதற்கு முன்னால் அவர்கள் இருபது வருஷத்துச் சிநேகிதிகள். இருவருமே சின்ன வயசில் கணவனை இழந்தவர்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு டீச்சர் போன் செய்வாள், இருவரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். ஜெபம் அஞ்சு நிமிஷம், ஊர்வம்பு அம்பது நிமிஷம். அப்படி ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "என் பொண்ணை உன் பையனுக்குக் குடுத்தா என்னடி?" என்று டீச்சர் கேட்டாள். இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள், அவ்வளவு சந்தோஷம். கல்யாணத்தன்றிலிருந்து விளையாட்டாக "வாங்க சம்பந்தி, போங்க சம்பந்தி" என்று ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

பிள்ளைகள் ஒத்துப்போகவில்லை. யார்மேல் தப்பு என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். பிரிந்து ஆளுக்கொரு திசையில் போய்ச் சேர்ந்தார்கள். தாய்மார் ரெண்டு பேரும் அதே ஊரில், அதே சபையில் மிஞ்சினார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் வாய்த்தகராறு. "அப்பா இல்லாத பிள்ளையை ஒழுங்கா வளர்த்திருந்தா இப்படி ஆகுமா?" என்றாள் டீச்சர். "உங்க பொண்ணு காலடி வச்ச அன்னைக்கே என் வீடு வெளங்காமப் போச்சு" என்றாள் இவள். சபையே செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்று கேட்டது. அதற்கப்புறம் அந்த ஏழு மணி போன் வரவில்லை.

அவள் வேலை பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில். ஜன்னல் இல்லாத அறை, காதில் மாட்டிய போன், சுவரில் வார்டு நம்பர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, "வணக்கம், எந்த வார்டு வேணும்?" என்று கேட்டுக் கேட்டு அம்மாவைப் பிள்ளையோடும் புருஷனைப் பெண்டாட்டியோடும் சேர்த்துவைப்பாள். சேர்ந்ததும் அவளுடைய காதில் சத்தம் நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்கிற சத்தம், பிறகு குக்கர் சத்தம், அவ்வளவுதான். மகன் வாரம் ஒரு முறை கூப்பிட்டு, "சாப்டியாம்மா? மாத்திரை போட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவான். ராத்திரி ஜெபத்தில் ஆமென்னை மட்டும் உரக்கச் சொல்வாள். வீட்டில் ஒரு குரல் கேட்கட்டுமே என்றுதான். ஏழு மணி ஆனால் கண் தானாகப் போன்மேல் போகும். சே, இந்தக் கண்ணுக்கு ரோஷமே கிடையாது.

ஜெபத்தில் தர்க்கமும் பண்ணிப் பார்த்தாள். "ஆண்டவரே, நான் அவங்களை மன்னிச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லியாச்சு. அவங்ககிட்ட வேற போய்ச் சொல்லணுமா?" உண்மையில் அவள் மன்னிக்கவே இல்லை. டீச்சர் மட்டும் மாதாமாதம் நிமிர்ந்த முதுகோடு கிண்ணத்தை எடுத்து அமைதியாகக் குடிப்பதைப் பின்னாலிருந்து பார்க்கும்போது இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வளவு பேசிவிட்டு எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ!

அப்படி ஒரு முதல் ஞாயிறு திருவிருந்து முடிந்ததும் பாஸ்டர் எழுந்து, "நம்ம டீச்சரம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டுல மாவுக்கட்டு போட்டிருக்காங்க. ஒரு வருஷமா திருவிருந்துக் கிண்ணம் கழுவுற வேலையை அவங்க ஒருத்தரேதான் பார்த்தாங்க. இன்னைக்கு யாராவது கைகொடுங்க" என்றார்.

ஆபரேட்டர் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சரா? டீச்சரா கழுவிக்கொண்டிருந்தாள்? அப்படியென்றால் அவள் எல்லாம் பார்த்திருப்பாளே! இன்றைக்கு வேறொருத்தி கழுவினால் சபைக்கே தெரிந்துவிடுமே! யோசிப்பதற்குள் கை மேலே போய்விட்டது. "நான் கழுவுறேன் பாஸ்டர்." இரண்டாவது பெஞ்சில் டீச்சர் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கப்புறம் இன்றுதான் நேருக்கு நேர் பார்க்கிறாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனதும் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, காலித் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எப்போதும் சிரித்த முகம், எல்லோருக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை வைத்திருப்பவள். "வாரிப் போடக்கூடாதுக்கா, உடைஞ்சிடும். ஒவ்வொரு பெஞ்சா போய்க் கையால எடுங்க. குடிக்காம மிச்சம் இருந்தா தொட்டியில ஊத்தாதீங்க, பின்னால செடி மண்ணுல ஊத்திடுங்க. டீச்சர் அப்படித்தான் செய்வாங்க."

"மிச்சம் இருக்குமா?"

"யாரு மிச்சம் வைக்கப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே அவள் போனாள்.

ஆபரேட்டர் அக்கா முதலில் ஓடியது தன்னுடைய பெஞ்சுக்குத்தான். கைக்குட்டையை எடுத்து, நிறைந்த கிண்ணத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஒரு வருஷமாக இந்த டீச்சர் என்னை நினைத்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள் என்று கரித்துக்கொட்டியபடியே ஒவ்வொரு வரிசையாக எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். காலி, காலி, எல்லாம் காலி. இரண்டாவது பெஞ்சுக்கு வந்தாள். டீச்சர் இடத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் துளையை மறைத்துச் சாய்ந்திருந்தது. நகர்த்தினாள்.

கிண்ணம் நிறைந்திருந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை.

அவள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த நிமிர்ந்த முதுகுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பின்னாலிருந்து பார்த்தவளுக்கு எப்படித் தெரியும்? ஐயோ, இவளுமா?

ரெண்டு நிறைந்த கிண்ணங்களும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தால், தொட்டிப் பக்கத்தில் டீச்சர் நின்றிருந்தாள். மாவுக்கட்டுக் கை கழுத்தில் தொங்கியது. இன்று கொண்டைகூட ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"நீங்க ஒண்ணும் கழுவ வேண்டாம் சம்பந்தி, நானே…" என்று ஆரம்பித்தவள், தட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஒத்தைக் கையால எதைக் கழுவப் போறீங்க? இதை மறைக்கத்தானே ஓடிவந்தீங்க?"

இவளே தொடர்ந்து கேட்டாள். "என் கிண்ணத்தைப் பார்த்தீங்களா? மாசாமாசம்?"

"பார்த்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"சொல்லவா கழுவ வந்தேன்? என் கிண்ணத்தை மறைக்க வந்தேன். வந்த இடத்துல உங்களோடதும் இருந்துச்சு." டீச்சரின் குரல் இறங்கியது. "தப்புதான், ஆனா சொல்றேன். உங்க கிண்ணம் நிறைஞ்சு வர்றதைப் பார்க்குறப்ப எனக்கு ஒரு ஆறுதல். இந்தச் சபையில என்னை மாதிரி இன்னொருத்தியும் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கான்னு. ஒரு மாசமாவது அது காலியா வந்துட்டா, நீங்க என்னை மறந்துட்டீங்கன்னு அர்த்தமாயிடுமேன்னு பயந்தேன்."

இதைக் கேட்டதும் ஆபரேட்டர் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கு வாசல்ல நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது."

"எந்த வார்த்தை?"

"உங்களுக்கே தெரியும்."

"தெரியும். உங்க வாயால சொல்லுங்க."

டீச்சர் டீச்சர்தான்! இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "உங்க பொண்ணு காலடி வச்சதால என் வீடு வெளங்காமப் போச்சுன்னு சொன்னேன். அவ வந்த அப்புறம்தான் என் வீட்டுல பேச்சுச் சத்தமே கேட்டுச்சு. நான் சொன்னது பொய்."

"அப்பா இல்லாத பிள்ளைன்னு நான் சொன்னேன். நானும் அப்பா இல்லாம ஒரு பிள்ளையை வளர்த்தவதான். அந்த வாயை அன்னைக்கே உடைச்சிருக்கணும்."

"அதான் கையை உடைச்சுக்கிட்டீங்களே."

டீச்சர் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கப்போய் வலியில் "அம்மா" என்றாள். இவள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள்.

"பிள்ளைங்க இனிமே சேர மாட்டாங்க," என்றாள் டீச்சர், தலையைக் கொடுத்தபடி.

"சேர மாட்டாங்க."

"அதுக்கு நாம என்ன பண்றது?"

"ஆடாதீங்க. கொண்டை போடவேண்டாமா?"

கொண்டை போட்டு முடித்ததும் ஆளுக்கொரு கிண்ணமாகப் பின்வாசலுக்கு எடுத்துப் போனார்கள். "இப்பவே குடிச்சிடலாமா?" என்று இவள் ஆசையாகக் கேட்டாள். "ஒளிஞ்சு நின்னு குடிக்கிறதுக்குப் பேரு திருவிருந்தா? அடுத்த மாசம் எல்லாரோடயும் குடிக்கலாம்" என்று டீச்சர் அதட்டினாள். செடியின் அடியில் ஊற்றினார்கள். வாசலை மறைத்துக்கொண்டு நின்றது அது.

"நம்ம ரெண்டு பேர் பங்கையும் ஒரு வருஷமா குடிச்சு எப்படிக் கொழுத்துப் போயிருக்கு பாரு" என்றாள் டீச்சர். அந்தப் "பாரு" இவள் காதில் விழுந்தது. எத்தனை நாளாயிற்று இந்த உரிமையோடு ஒருத்தி பேசி! அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஜெபம் அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த மாதம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சபை கண்ணாலேயே கேள்வி கேட்டது, இவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஆபரேட்டர் அக்கா கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்தாள். இனிப்பும் புளிப்புமாக இறங்கியது. ஆராதனைக்குப் பிறகு டீச்சர் துடைக்கத் துணியோடு பின்னறையில் தயாராக நின்றாள். இவள் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து தட்டைக் கீழே வைத்தாள்.

தட்டின் நடுவில் ஒரு கிண்ணம் நிறைந்திருந்தது.

"நம்மளோடதா?"

"இல்ல. நம்மது காலி."

டீச்சர் துணியைக் கீழே வைத்தாள். "யாரு இடம்னு தெரியுமா?"

"நானே எடுத்தேன், தெரியாம இருக்குமா?"

"சொல்லாதே. என்கிட்டகூடச் சொல்லாதே" என்றாள் டீச்சர். பிறகு அவளே அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் செடி மண்ணில் ஊற்றினாள்.

ஆபரேட்டர் அக்கா சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் அந்த இடம் கண்ணுக்குள்ளேயே நின்றது. முதல் பெஞ்சின் ஓரம், எல்லோருக்கும் முன்னால், யாரும் பக்கத்தில் உட்காராத இடம். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவளுக்கு என்ன குறை என்று யாருமே கேட்டதில்லை. ஏழு மணிக்கு முன்னாலேயே டீச்சருக்குப் போன் செய்து, "இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும்" என்று சொல்லிவிட்டு, வேறொரு நம்பரைப் போட்டாள். ஊரையெல்லாம் சேர்த்துவைக்கிற கை அந்த நம்பரை ரெண்டு தடவை தப்பாகப் போட்டுத் திருத்தியது.

"பாஸ்டர் வீடு. சொல்லுங்க, யாருக்கு ஜெபிக்கணும்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல், பழக்கப்பட்ட சிரிப்போடு.

"யாருக்கும் இல்ல பாஸ்டரம்மா. நான் ஆபரேட்டர் பேசுறேன். உங்ககிட்டதான் பேசணும்னு கூப்பிட்டேன்."

அந்தப் பக்கத்துச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆபரேட்டர் அக்கா போனை வைக்காமல் காத்திருந்தாள்.