பதினெட்டு நிக்கல், ஒரே ஷேடு

குமாரசாமிக்கு வேறொரு பெண்ணோடு தொடுப்பு என்று தெருவில் யார் கிளப்பினார்களோ தெரியாது. பாதி உண்மைதான். வேலை விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பார்த்தது ஒரு பெண்ணின் முகத்தைத்தான். கொண்டை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டிய அமெரிக்கப் பெண். அந்த நாட்டு ஐந்து சென்ட் நிக்கல் காசில் அச்சடித்த முகம். அவர் சேர்த்தது 1883 முதல் 1899 வரை வருஷத்துக்கு ஒன்று, இரண்டு தினுசு வந்த முதல் வருஷத்துக்கு மட்டும் இரண்டு. ஆக பதினெட்டு.

முதல் காசு, வருஷத்துக்கு இரண்டு தடவை பனியன் சரக்கு வாங்க வரும் அமெரிக்க பையர் வால்டர் கொடுத்தது. தேய்ந்துபோன 1883. அதைவிட நல்லது கிடைத்ததும் குமாரசாமி அதை ஜன்னலோரம் போட்டுவிட்டார். எதிலும் குறை பொறுக்காதவர். பனியன் கம்பெனியில் இருபது வருஷமாக ஃபைனல் செக்கிங். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட பக்கத்து ஆளின் காலரும் கையும் ஒரே ஷேடா என்று பார்த்துவிட்டுத்தான் இலையில் கைவைப்பார்.

1885தான் ஆறு வருஷம் கண்ணாமூச்சி காட்டியது. உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். 2007இல் பிரவுசிங் சென்டரில் தவம் கிடந்து ஏலத்தில் பிடித்தார். விலையை மனைவி முத்தாத்தாளிடம் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே பணம் எங்கே போகிறதென்று தெரு கணக்குப் போட்டுக்கொண்டது. பதினெட்டும் சேர்ந்தால் தன் ஊர் நாணயச் சங்கத்தின் பத்திரிகையில் படத்தோடு பெயர் போடுவதாக வால்டர் வாக்குக் கொடுத்திருந்தார். சவரக்கடை வரைக்கும் அந்தச் செய்தி போய்விட்டது.

வால்டர் வருவதற்கு முதல் நாள் குமாரசாமி காசுகளைச் செக்கிங் டேபிளில், ட்யூப் லைட்டுக்குக் கீழே வரிசையாகப் பரப்பினார். ஒன்று சாம்பல், ஒன்று பழுப்பு, 1885 கருப்பட்டி நிறம். இப்படிப் பதினெட்டு நிறத்தில் பனியன் வந்தால் பையர் முகத்தில் வீசமாட்டானா? நேரே பிளீச்சிங் பட்டறை லேபுக்குப் போனார். ஆசிட், பெராக்சைடு, அரை மணி நேரம். பதினெட்டும் சட்டைப் பொத்தான் மாதிரி வெளுத்து, ஒரே லாட்டாக வெளியே வந்தன.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த வால்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எதில் கழுவினாய் என்று மெதுவாகக் கேட்டார். நூறு வருஷமாகப் படிந்த நிறம்தானாம் காசுக்கு உயிர். கழுவினதைச் சங்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்களாம். குமாரசாமிக்குத் தன் தொழில் பாஷையிலேயே புரிந்தது. மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

கழுவாதது ஒன்றாவது இருக்கிறதா என்றார் வால்டர். குமாரசாமி மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள, ஜன்னல்ல கெடந்த தேஞ்ச காசு எங்க?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த முத்தாத்தாள் நிமிரவில்லை. "போன வருசம் காச்சல்ல கையுங்காலும் மடக்க முடியாமக் கெடந்தீங்கல்ல. பழனிக்கு முடிஞ்சு வெச்சுட்டனுங்க."

"அவுத்துக் கொண்டா."

"அது முருகனோட காசுங்க. பாக்கறதுன்னா பாக்கட்டும். உங்க பொட்டிக்குத் தர மாட்டனுங்க."

பூஜை அலமாரியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்து அவிழ்த்து, உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினாள். தேய்ந்த முகத்தில் மஞ்சள் வேறு ஏறியிருந்தது. வால்டர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். கேமராவை எடுத்துக் கையோடு சேர்த்துப் படம் பிடித்தார். யாருடைய காசு என்று கேட்டார். முருகன் என்று சொன்னால் புரியாதென்று குமாரசாமி மனைவி பெயரைச் சொன்னார்.

அடுத்த கிருத்திகைக்கு இருவரும் பழனிக்குப் போனார்கள். உண்டியலில் போடுமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றார் குமாரசாமி. அவள் காட்டினாள். போட்டாள்.

மூன்று மாதம் கழித்துத் தபாலில் பத்திரிகை வந்தது. உள்ளங்கைப் படம், அடியில் 'முத்தாத்தாள், திருப்பூர்'. குமாரசாமி அதை யாரிடமும் காட்டவில்லை. முத்தாத்தாள் எட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். பதினெட்டுக் காசும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. ஷேடில் ஒரு குறை சொல்ல முடியாது.