அக்டோபரில் உதிரும் பச்சை

1954 அக்டோபர் இரண்டாம் வாரத்தில், ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள க்ரெம்லிங் தொழிற்சாலையின் முதல் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் இலை உதிர்த்தது. முதலில் கூரை பழுத்தது, பிறகு கதவுகள். பத்தே நாளில் பெயிண்ட் மொத்தமும் உள்ளங்கை அகல இலைகளாகத் தெருவில் கிடக்க, கார் வெறும் சாம்பல் தகரமாக நின்றது. என்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார் கார்க்காரர். தெருக்காரர்கள் கேட்டதெல்லாம் இதை யார் கூட்டுவது என்பதுதான். அந்த ஊரில் வாசலையும் நடைபாதையையும் வாரத்துக்கு ஒரு வீடு முறைவைத்துக் கூட்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். பலகை தொங்கும்போது டிமிக்கி கொடுத்தவர் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டியதுதான். தொழிற்சாலைக்கு ஏழு புகார்க் கடிதங்கள் வந்தன, ஏழும் குப்பையைப் பற்றி. நிர்வாகம் யோசித்து, பச்சைக் கார் ஒவ்வொன்றின் கருவிப்பெட்டியிலும் ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துடைப்பத்தை வைத்தது. ஏப்ரலில் கார் தானாகத் துளிர்த்தது.

அந்தப் பச்சையைக் கலக்கியவள் ரோஸ்விதா ஐஸலே, அப்போது வயது இருபத்துமூன்று. கலர் துணி உடுத்தினால் அதன் சாயல் மாதிரித் தகட்டில் விழுந்து கண்ணை ஏமாற்றும் என்று, முப்பது வருஷமாக வேலையில் சாம்பல் கோட்டைத் தவிர வேறெதையும் அவள் போட்டதில்லை. அடேயப்பா, எத்தனை பச்சை! 1961இன் தேவதாருப் பச்சை வருஷம் முழுக்க ஊசி ஊசியாகக் கொட்டி சீட்டில் குத்தியது. 1968இன் தவளைப் பச்சைக்கு மழைக்கு முந்தின நாள் ஹாரன் தானாகக் கத்தும். திராட்சைத் தோட்டக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் மருந்தடிப்பதைத் தள்ளிப்போட்டார்கள். 1973இன் ஆலிவ் பச்சை, இத்தாலிக்கு ஓட்டிப் போனால் மட்டும் காய்த்தது. இத்தனைக்கும் அவளை ஒருவரும் பாராட்டியதில்லை. பாராட்டினால் ஆள் கெட்டுப்போகும் என்று நினைக்கிற ஊர் அது. பெயிண்ட் ஷாப் மேஸ்திரி கோட்லோப் மெயர்லே புதுப் பச்சையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஊரில் அதற்கு மேல் பட்டம் கிடையாது. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவாது.

1983இல் ஹாம்பர்க்கிலிருந்து டெட்லெஃப்சன் என்று ஒரு புது இயக்குநர் வந்தார். உலகமே வெள்ளி நிறம்தான் கேட்கிறது, பச்சையை நிறப்பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்றார். ரோஸ்விதா நேரே அவர் அறைக்குப் போனாள்.

"பச்சை இல்லாத க்ரெம்லிங்கா? அதுக்குப் பேசாம சலவை மெஷின் செஞ்சு விக்கலாமே ஐயா!"

"குப்பை போடுற காரும்மா இது."

"அதான் துடைப்பமும் சேத்துத் தர்றோமே!"

கடைசியில் அவர் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். மூடிய கொட்டகையில் மொட்டையாக நிற்கும் மாதிரிக் கார், வருகிற ஏப்ரல் முப்பதுக்குள் துளிர்த்து, அவர் கண்ணுக்கும் பிடித்தால் பச்சை இருக்கும். இல்லாவிட்டால் அது இல்லாமலே பட்டியல் அச்சுக்குப் போகும்.

ஏப்ரல் இருபத்தேழு ஆகியும் ஒரு மொட்டுகூட இல்லை. தெருவில் மற்ற பச்சைக் கார்களெல்லாம் தழைத்து நிற்க, இது மட்டும் பளபளவென்று மொட்டையாகவே நின்றது. ரோஸ்விதா என்ஜின் மூடியில் கை வைத்தாள். கை வழுக்கியது.

"மேஸ்திரி, இதுக்கு மெழுகு போட்டது யாரு?"

"எல்லாரும்தான். இயக்குநர் பாக்கப்போற வண்டி அழுக்கா நிக்கலாமா? சனிக்கிழமை தவறாம, பதினாலு தடவை."

"அடப்பாவிகளா! இத்தனை மெழுகுக்கு அடியில அது எப்படிய்யா மூச்சு விடும்?"

கை தோலுரியத் தேய்த்து அத்தனை மெழுகையும் அவளே எடுத்தாள். பிறகு காரை முற்றத்துக்குத் தள்ளச் சொல்லி, ஒருத்தரும் துணியோடு பக்கத்தில் வரக்கூடாது என்றாள். மறுநாள் சனிக்கிழமை, ஊரே கார் கழுவும் நாள். கோட்லோப் பாக்கெட்டில் துணியை வைத்துக்கொண்டு காரையே சுற்றி வந்தார். கூரையில் புறா எச்சம் விழுந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே ஒரு சொட்டுதான் ரோஸ்விதாம்மா. துடைச்சிடட்டுமா?"

"தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

ஞாயிறு முழுக்க மழை கொட்டியது. திங்கள் காலை கார் துளிர்த்திருந்தது. எச்சம் விழுந்த இடத்தில்தான் துளிர் நெருக்கம். அவள் கலக்காத பச்சை அது, எந்தத் தகட்டிலும் இல்லாத பச்சை. பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். டெட்லெஃப்சன் மூன்று சுற்று சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார்.

ஹாம்பர்க்காரர் வாயிலிருந்தா! கோட்லோப் அந்தத் துணியிலேயே மூக்கைச் சிந்தினார். ரோஸ்விதா கோட்டு பட்டனைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் போனாள்.

1985ஆம் வருஷத்துப் பட்டியலில் வெள்ளி, கறுப்பு, சிவப்பு, பிறகு 'பச்சை, அக்டோபரில் உதிரும்' என்று அச்சாகியிருந்தது. முதல் பச்சைக் காரை டெட்லெஃப்சனே வாங்கினார். ரோஸ்விதாவின் பக்கத்து வீட்டில்தான் அவர் குடியிருந்தார். அக்டோபரில் அந்தக் கார் இலையால் தெருவை நிறைத்த வாரம், ரோஸ்விதாவின் முறை முடிந்திருந்தது. தன் கதவிலிருந்து பலகையைக் கழற்றி, அவர் காரின் பக்கக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்தாள். அவர் வெளியே வந்து பலகையைப் பார்த்தார். கருவிப்பெட்டியைத் திறந்து, ஜாக்கிக்குப் பக்கத்திலிருந்த துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

"அந்த மூலையை விட்டுட்டீங்க ஐயா" என்றாள் ரோஸ்விதா ஜன்னலிலிருந்து.

அவர் திரும்பிப் போய் மூலையையும் கூட்டினார்.