அண்டாவுக்குள் ஒரு சிக்னல்

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். பின்னால் என் மனைவி ஸ்ரீதேவி. அவள் மடியில் லேப்டாப், வலது கையில் ஆன்டெனா. அலுமினியக் குழாய்களைக் குறுக்கே குறுக்கே வைத்து அவளே செய்தது. பார்க்கிறவர்களுக்குத் துணி காயப்போடுகிற ஸ்டாண்டு மாதிரி இருக்கும். கூவத்தூர் டீக்கடையில் ஒருவர், "இன்னா அண்ணாத்த, வண்டியிலயே டிவி பாத்துகினு போறீங்களா?" என்றார். அவள் சிரிக்கவில்லை. காதில் ஹெட்போன் இருந்தது.

அவள் தேடுவது என்ன என்று சொல்லிவிடுகிறேன். தினமும் விடிகாலையில் சென்னையில் வானிலைக்காரர்கள் ஒரு பலூன் விடுகிறார்கள். அதில் டீ டம்ளர் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். காற்று எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், தான் எங்கே இருக்கிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே மேலே போகும். உச்சிக்குப் போனதும் பலூன் வெடிக்கும். பெட்டி சின்னக் குடையில் இறங்கி எங்காவது விழும். அப்புறம் அதை யாரும் கேட்டு வருவதில்லை, என் மனைவி மாதிரி ஆட்களைத் தவிர. இவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யார் முதலில் போய்ச் சேர்ந்து என்னுது என்று சொல்லிப் படம் போடுகிறார்களோ அவர்களுக்கே அந்தப் பெட்டி. மற்றவர்கள் பேசாமல் திரும்பிவிட வேண்டும். அதுதான் அவர்கள் கட்டுப்பாடு.

ஸ்ரீதேவிக்கு இந்தக் கிறுக்கு புதிதில்லை. விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகிற நேரத்துக்கெல்லாம் போனில் அலாரம் வைத்திருக்கிறாள். ராக்கெட் விடுகிற அன்று மொட்டை மாடியை விட்டு இறங்கமாட்டாள், குழம்பு தீய்ந்தாலும். ஆனால் பலூன் பெட்டி மட்டும் இதுவரை கையில் சிக்கியதில்லை. ஒன்று கடலில் விழும், இல்லை உத்திரமேரூர் பக்கம் ஓடிவிடும். அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை காற்று எப்படியோ தெற்கே தள்ளியது. "நம்ம பக்கம் வருதுங்க," என்று என்னை உலுக்கி எழுப்பினாள்.

இந்த மாதம் மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். காரணம் இருந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்த்தவளை இப்போதுதான் நிரந்தரமாக எடுத்திருந்தார்கள். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. எந்த ஸ்டேஷனிலாவது அவள் பேரில் புகார் ஏறினால் ஆர்டர் வராது. வயது வரம்பும் முடிகிறது, இன்னொரு தரம் கிடையாது. நான் புதுப்பட்டினத்தில் ஏசி ரிப்பேர் செய்கிறவன். மழைக்காலத்தில் எங்கள் குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"ஒரு பெட்டிய எடுக்கறதுக்கு யாரு கேஸ் போடப் போறா?" என்றாள். நானும் வண்டியை எடுத்துவிட்டேன்.

சவுக்குத் தோப்பைத் தாண்டி மண் பாதையில் திரும்பும்போது அவள் என் தோளை அழுத்தினாள்.

"நிறுத்துங்க. சிக்னல் போச்சு."

"பேட்டரி தீந்திருக்கும்."

"பேட்டரி தீந்தா கொஞ்சம் கொஞ்சமா குறையும். இது கத்தியால வெட்டின மாதிரி நின்னுடுச்சு. தரையில கிடந்து நல்லாக் கத்திக்கிட்டு இருந்ததுங்க. யாரோ எடுத்து அணைச்சுட்டாங்க. எங்க குரூப்பு ஷாரோன் வேற கோவளத்துலேர்ந்து கிளம்பிட்டேன்னு அப்பவே போட்டா. வேகமாப் போங்க."

லேப்டாப் வரைபடத்தில் கடைசியாகப் புள்ளி நின்ற இடம் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. வரப்பைச் சுற்றிக் கூட்டம். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வண்டியைத் திருப்பத் தோன்றியது. அவளுக்கு வேறு தோன்றியிருக்கிறது. வண்டி நின்றதும் லேப்டாப்பையும் போனையும் என்னிடம் திணித்துவிட்டுக் குதித்து, ஆன்டெனாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"யாரும் தொடாதீங்க. அது எங்களுது."

ஷாரோன் அங்கே இல்லை. அங்கே இருந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடும் தெரியாது. கொல்லை நடுவில் ஒரு பெரிய அலுமினிய அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. மேலே நனைந்த சாக்கு. பக்கத்தில் ஆரஞ்சு நிறக் குடை ஒன்று செடிகளின் மேல் கிடந்தது.

மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒருவர் முன்னால் வந்தார். ஜானகிராமன், முன்னாள் வார்டு மெம்பர் என்று பிறகு தெரிந்தது.

"உங்களுதா? அப்ப நீங்கதான் இத போட்டதா?"

"போடலங்க. இது பலூன்ல வந்தது."

"உங்களுதுன்ன. இப்ப பலூன்றே. கையில இன்னாது அது? வயர் தொங்குது. டேய், வண்டி சாவியப் புடுங்கு."

சாவி போய்விட்டது. பத்துப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். நானும் இந்தப் பக்கத்து ஆள்தான், செய்யூரில் படித்தவன் என்று சொன்னேன். "படிச்சவன்தான்யா எல்லாம் பண்றான்," என்றார் ஒருவர்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு அணுமின் நிலையத்துக்காக ஆபத்துக் கால ஒத்திகை நடக்கும். சங்கு ஊதுவார்கள், கதவைச் சாத்தச் சொல்வார்கள், தெரியாத பொருளைத் தொடாதே என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வானத்திலிருந்து ஒரு பெட்டி, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு இறங்கினால்?

கொல்லைக்காரம்மா பெயர் ஆராயி. ஐம்பது வயதிருக்கும். அண்டாவைப் போட்டு மூடியது அவர்தான். அம்மன் கோயிலுக்குக் கூழ் காய்ச்ச எடுத்துப்போன அண்டா.

"ஆடு போய் மோந்து பாத்துச்சி. வெடிச்சா ஆடும் பூடும், நானும் பூடுவேன். கையில இது இருந்துச்சி, கவுத்துட்டேன்," என்றார்.

"அதான் சிக்னல் போச்சு," என்று ஸ்ரீதேவி என்னிடம் முணுமுணுத்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்குக் காரணம் தெரிந்ததில் ஒரு நிம்மதி.

கோயில் பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு சுப்பிரமணி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். லேப்டாப்பைப் பார்த்தார், ஆன்டெனாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எங்கம்மா வேலை?"

சொல்லாதே என்று நான் கண்ணைக் காட்டினேன்.

"கல்பாக்கத்துல சார். கருவிப் பிரிவு."

ஜானகிராமன் கூட்டத்தைப் பார்த்து, "பாத்தியா, பாத்தியா," என்றார்.

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "செங்கல்பட்டுல குண்டு பாக்கற ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன். அவங்க வந்துட்டா என் கையில ஒண்ணும் இல்லம்மா. யாரு கொண்டாந்தது, யாரு கேட்டதுன்னு எழுதித்தான் ஆகணும். உன்னுதுன்னு நீயே சொல்லிக்கீற. ஊரே சாட்சி."

"சார், அவங்களுக்கு வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் நடந்துக்கிட்டிருக்கு," என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"அப்ப இன்னும் நல்லாப் போச்சு," என்றார்.

ஸ்ரீதேவி நேராக நின்று பேசினாள். "அண்டாவ எடுத்தா நான் காட்டிடுவேன் சார். அது வெறும் வானிலைப் பெட்டி. பேட்டரி தீந்துட்டா காட்ட முடியாது. இப்பவே எடுக்கணும்."

"யாரும் கிட்ட போவக் கூடாது. ஆளுங்க வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"எப்ப வருவாங்க?" என்று கேட்டது ஆராயி.

"மத்தியானம் ஆவும்."

"மத்தியானமா? உச்சிக்குள்ள கூழு ஊத்தணும். மாவு கரைச்சி வெச்சிகீது. ஊருக்கு இருக்கறது ஒரே அண்டா. ஆத்தாளுக்கு இன்னா பதில் சொல்றது, நீ சொல்றியா?"

"வேற ஏனம் பாரும்மா."

"உங்க வூட்டு ஏனத்த அனுப்பு."

யாரோ சிரித்தார்கள். ஏட்டுக்குக் கோபம் வந்து அவர் போனை எடுத்துத் திரும்பியபோது ஆராயி வரப்பில் இறங்கிவிட்டார். ஸ்ரீதேவியும் ஆன்டெனாவை என்னிடம் தள்ளிவிட்டுக் கூடவே இறங்கினாள். நான் கத்தினேன், ஏட்டும் கத்தினார். கூட்டம் பத்தடி பின்னால் போனது. சாக்கைத் தள்ளி, இருவரும் அண்டாவின் காதுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கினார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைப் பெட்டி மண்ணில் சாய்ந்து கிடந்தது. என் கையிலிருந்த லேப்டாப்பில் கிர்ரென்று சத்தம் வந்தது. திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

"இது சூடு சார், இது காத்துல இருக்கற ஈரம்," என்று அங்கிருந்தே சொன்னாள்.

"நம்பரு யாரு வேணா போடலாம்மா. சினிமாவுல கூடத்தான் ஓடுது," என்றார் ஏட்டு.

அவள் யோசித்தாள். பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, இது மேல வாயால ஊதுங்க. சார், நீங்க நம்பரப் பாருங்க."

ஆராயி குனிந்து, அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதினார். ஈரம் அறுபதில் இருந்தது. எழுபது, எண்பது என்று ஏறியது. நிறுத்தினார். மெல்ல இறங்கியது. ஏட்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னொரு தபா," என்றார். மறுபடி ஏறியது.

"என் மூச்சா இது?" என்று ஆராயி கேட்டார். இரண்டு பேர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஜானகிராமன் வரவில்லை.

ஏட்டு கொல்லையில் இறங்கிப் பெட்டியைப் புரட்டினார். அடியில் வானிலைக் கருவி என்று ஒட்டியிருந்தது. செங்கல்பட்டுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் விடவில்லை.

"சரி, குண்டு இல்ல. அப்ப கவர்மென்ட் பொருள். கவர்மென்ட் பொருள உன்னுதுன்னு ஏம்மா சொன்ன? எடுத்துகினு போவத்தானே வந்த?"

"ஆமா சார்."

நான் தலையில் கை வைத்தேன்.

"ஆசையில சொல்லிட்டேன். எங்க குரூப்புல அப்படிச் சொன்னா மத்தவங்க விட்டுடுவாங்க. இங்கயும் அப்படியே வாயில வந்துடுச்சு. என்னுது இல்ல சார்."

ஏட்டு ஆராயி பக்கம் திரும்பினார். "உன் கொல்லை. செடி மெதிச்சிகீறாங்க, ஊரக் கலைச்சிட்டாங்க. நீ புகார் சொன்னா எழுதறேன். இன்னா சொல்ற?"

"எழுதச் சொல்லு ஆராயி," என்றார் ஜானகிராமன்.

ஆராயி ஸ்ரீதேவியை ஏற இறங்கப் பார்த்தார். "வந்ததும் உன்னுதுன்ன. இப்ப இல்லன்ற. அப்ப யாருது?"

"உங்க நிலத்துல விழுந்தது. நீங்கதான் முதல்ல பாத்தீங்க. எங்க கணக்குப்படி உங்களுது," என்றாள் ஸ்ரீதேவி. அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கேட்டுக்கினீங்களா ஏட்டய்யா? நான் கண்டெடுத்தேன், உங்க கையில குடுத்தேன். அத்த எழுதிக்க."

"இவங்க?"

"இவ அண்டா தூக்க வந்தவ. வெயிலு ஏறுது, அந்தக் காதப் புடிம்மா."

ஏட்டு பேனாவைத் திறந்து எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரே ஒரு பெயரை எழுதினார். பெட்டியைத் துண்டில் சுற்றி மோட்டார் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டார். ஜானகிராமன் என் சாவியை என்னிடம் தராமல் வரப்பில் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு பெண்களும் அண்டாவோடு கோயில் பக்கம் நடந்தார்கள். நான் ஆன்டெனாவோடு பின்னால் போனேன். ஸ்ரீதேவியின் போன் என் பையில் அடித்தது. ஷாரோன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, கிடைச்சுதா? பெட்டிக்கு யாரு பேரு போடறது?"

ஸ்ரீதேவி அண்டாவை விடாமல் திரும்பினாள். "ஆராயின்னு போடு."

"அது யாருக்கா? நம்ம குரூப்புல இல்லையே."

"நடந்துகினே பேசாத, அண்டா சாயுது," என்றார் ஆராயி.