ஆதாரம் கேட்ட கதவு

'திறந்த கதவு' என்று பெயர் வைத்த மன்றத்துக்கு மூன்று பூட்டு இருந்தது. கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்தவர்கள் இணையத்தில் கூடிப் பேசுவதற்காக ஏற்பட்ட இடம் அது. உள்ளே வர விரும்புகிறவர் முதலில் தாம் நம்பிக்கையை விட்ட கதையை எழுத வேண்டும். பிறகு மூத்த உறுப்பினர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். அதிலும் தேறினால் மூவர் குழு ஒப்புதல் தரும். சொர்க்கத்துக்குப் போகிறவனுக்குக்கூட இத்தனை கெடுபிடி இருக்காது என்பாள் பல்செட்காரரின் மனைவி. அவள் சொர்க்கத்தை நம்புகிறவள். ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி அவளுக்கு உண்டு.

பல்செட்காரர் அந்த மூவரில் ஒருவர். தொழில், பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து தருவது. மன்றத்தில் அவருடைய பதவிக்கு 'ஒருங்கிணைப்பாளர்' என்று பெயர். செய்தது எடுபிடி வேலை. தளம் முடங்கினால் எழுப்புவது அவர். சர்வர் இருந்ததும் அவர் பெயரில்தான், வேறு யாரும் அந்தத் தொல்லையை ஏற்கவில்லை. தினமும் காலையில் ஒரு கேள்வியைப் போட்டு, யாராவது பதில் எழுதுகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். விசாரணையில் அடிபட்டு ஓடுகிறவர்களுக்குத் தனியாக எழுதி, பெரியவர் சுபாவம் அப்படி, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சமாதானம் சொல்வார். அவர் ஒருவரைத் தட்டிக்கொடுத்து உட்கார வைப்பதற்குள் பெரியவர் இரண்டு பேரை எழுப்பி அனுப்பியிருப்பார். கடைசியில், எழுதுகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் 'அற்புதம்' என்பார், அவர் எழுதியதை இவர் 'அபாரம்' என்பார். மன்றத்தை வெளியிலிருந்து ஒருநாள் விடாமல் படித்தவர்கள் பக்தர்கள்தான். வேவு பார்ப்பதையும் ஊழியமாகச் செய்கிறவர்கள் அவர்கள்.

பெரியவர் என்றது நிறுவனரை. 'பகுத்தறிவுப் பீரங்கி' என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டவர். நாளடைவில் பகுத்தறிவு உதிர்ந்து பீரங்கி மட்டும் நின்றது. காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவன் பொய் சொல்கிறான் என்று நிரூபிக்கும் வேலை பார்த்தவர். வீடு எரிந்தவனிடம் சாம்பலுக்குச் சான்றிதழ் கேட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஓய்வு பெற்றதும் அந்தத் திறமை வீணாகப் போகக் கூடாதென்று மன்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மன்றத்தின் தலையிலேயே 'ஆதாரம் எங்கே?' என்று கொட்டை எழுத்தில் பொறித்தவரும் அவர்தான்.

இந்த வாசலுக்கு 'நூல்கண்டு' என்ற புனைபெயரில் ஒரு பெண் வந்தாள். வீட்டில் தையல் வேலை செய்கிறவள். மாமனார் ஒரு பிரார்த்தனைக் கூட்டத்துக்குத் தலைவர். கூட்டம் நடப்பதே அவர்கள் வீட்டு முன்கூடத்தில். கணவன் வெளியூர் வேலையில். தினமும் எல்லாரோடும் கண்ணை மூடி உட்கார்ந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் எழுந்து வருவதாக எழுதியிருந்தாள். தனக்கு விவாதமெல்லாம் தெரியாது, இப்படி வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் வந்தேன் என்று முடித்திருந்தாள்.

பல்செட்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பீரங்கிக்குச் சந்தேகம் வந்தது. பிரார்த்தனைத் தலைவரின் மருமகள் இங்கே வருவதென்றால் உளவுதானே? ஆதாரம் வேண்டும் என்றார். அந்த முன்கூடத்திலேயே, ஒரு தாளில் புனைபெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். காப்பீட்டில் அப்படித்தான் வழக்கமாம். பல்செட்காரர் வேண்டாம் என்று எழுதுவதற்குள் அவள் அனுப்பிவிட்டாள். உளவாளி என்ற சொல் அவளை அவ்வளவு சுட்டிருந்தது.

மறுநாள் காலை பட்டறையில் மெழுகை உருக்கியபடியே மன்றத்தைத் திறந்தவருக்குக் கை நின்றுவிட்டது. முன்பக்கத்தில், உலகமே பார்க்கிற இடத்தில், அந்தப் படம். மேலே பீரங்கியின் தலைப்பு: 'எதிரி முகாமில் நம் வீராங்கனை'. சந்தேகம் தீர்ந்த பெருமிதத்தில் மனிதர் கண்கலங்கி எழுதியிருந்தார். படத்தில் ஒரு மடி, திறந்த புத்தகம், தாள். பின்னால் ஒரு நாற்காலி. அதன் முதுகில் இரண்டு புறாக்கள் அலகோடு அலகு வைத்தபடி செதுக்கப்பட்டிருந்தன.

அதே நேரத்தில் அவளுடைய செய்தி வந்தது. அந்த நாற்காலி மாமனாருடையது, கூட்டத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். மதியம் எல்லாரும் இங்கேதான் வருவார்கள். வீட்டு மூத்த மருமகள் ஒரு கேள்வி கேட்டதற்காக, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாகப் போக வேண்டி வந்தவள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். எடுத்துவிடுங்கள் அண்ணா.

எடுக்க முடிந்தால் அவர் அந்த நொடியே எடுத்திருப்பார். ஆனால் மன்றத்தில் எதையும் நீக்குவதற்கு மூவரில் இருவர் சம்மதிக்க வேண்டும். தளத்தையே அப்படி அமைத்திருந்தார்கள். எப்போதோ ஒருவர் பீரங்கியின் நாற்பது பகுதிக் கட்டுரையில் பாதியை நீக்கிவிட்டதால் வந்த ஏற்பாடு. நீக்கியவர் வாசகர்களுக்குச் செய்த உபகாரத்துக்கு இப்போது இந்தப் பெண் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

பல்செட்காரர் பீரங்கியை அழைத்தார்.

"ஐயா, அந்தப் போட்டோவை எடுக்கணும். இப்பவே."

"நம்ம வீராங்கனையையா? காலையிலேர்ந்து எத்தனை பேர் பாராட்டியிருக்காங்க தெரியுமா தம்பி? மன்றம் மறுபடி களை கட்டுது."

"அந்தப் பொண்ணு நடுங்கிட்டிருக்கு ஐயா. நாற்காலியை வச்சே கண்டுபிடிச்சுடுவாங்க."

"முகம் தெரியலையே. முகம் இல்லாத படத்தை வச்சு ஆள் யாருன்னு நிரூபிக்க முடியாது. என் தொழிலே அதுதான்."

"அவங்க நிரூபிக்க வேணாம் ஐயா. சந்தேகப்பட்டாலே போதும். மகளைப் பறிச்சுக்கிட்டு அனுப்பிடுவாங்க."

பீரங்கி தொண்டையைச் செருமினார். மேடை ஏறப் போகிறார் என்று அர்த்தம். "பயந்தா எந்த மாற்றமும் வராது தம்பி. அவ நிமிர்ந்து நிக்கட்டும். நாம எல்லாரும் பின்னாடி இருக்கோம்ல?"

பின்னால் இருக்கும் படையைப் பல்செட்காரர் மனத்துக்குள் பார்வையிட்டார். ஒருவருக்கு மூட்டுவலி. ஒருவர் தம் மனைவிக்குப் பயந்து புனைபெயரைக்கூட மாதம் ஒருமுறை மாற்றுகிறவர். தளபதி பீரங்கியோ மதியமானால் தூங்குகிறவர்.

மூன்றாவது சாவி பேராசிரியரிடம் இருந்தது. தர்க்கம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பால்காரரிடம்கூட 'ஆகவே' போட்டுத்தான் பேசுவார். அவர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீக்கறதுங்கறது ஒண்ணு, மறைக்கறதுங்கறது வேற ஒண்ணு. நீ எதைக் கேக்கறே?"

"எதுன்னாலும் சரிங்க சார்."

"அப்படிச் சொல்லக் கூடாதுப்பா. அதுதானே பிரச்சினையே. எழுத்துல அனுப்பு, ரெண்டு பக்க வாதத்தையும் யோசிச்சுச் சொல்றேன்."

பல்செட்காரர் எழுதி அனுப்பினார். பேராசிரியர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது, பதில் வரவில்லை. யோசிக்கிறார். இதற்குள் படத்துக்குக் கீழே, வெளியாரும் கருத்து எழுதக்கூடிய இடத்தில், அந்நியமான பெயர்கள் முளைக்கத் தொடங்கின. 'இந்த நாற்காலியை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே' என்று ஒன்று. அதற்குக் கீழே, 'எங்கே பிரதர்?' என்று இன்னொன்று. பல்செட்காரரின் கண் திரையில் இருக்க, கை பாட்டுக்குப் பல் பதித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் முன்பல் வரிசையின் நட்டநடுவில் ஒரு கடைவாய்ப்பல் உட்கார்ந்திருந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டு மறுபடி மெழுகைச் சுரண்டினார்.

மனைவி சாப்பாட்டோடு வந்தாள். கணவன் முகத்தைப் பார்த்ததும் வழக்கமான கேலியை எடுத்தாள். "சாமி இல்லாத சபையில இன்னிக்கு என்ன சண்டை?"

அவர் போனை அவளிடம் நீட்டினார். அவள் அந்தப் பெண்ணின் செய்தியை முதலிலிருந்து படித்தாள். கேலி முகத்தைவிட்டுப் போயிற்று. ஏன் இன்னும் படம் அங்கேயே இருக்கிறது என்று கேட்டாள். அவர் விதியைச் சொன்னார்: இருவர் சம்மதம், எழுத்தில் கோரிக்கை, இரண்டு பக்க வாதம்.

"வீடு பத்தி எரியும்போது தண்ணி ஊத்தலாமான்னு ஓட்டு போடுவீங்களோ?"

"என் கையில ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

அவர் கையில் ஒன்று இருந்தது. அதைக் காலையிலிருந்தே அவர் பார்க்காததுபோல் பாவித்துக்கொண்டிருந்தார். சர்வர் அவருடையது. ஒரு படத்தை மட்டும் பிடுங்க அதுவும் விடாது. தற்காலிகமாக நிறுத்தினால், வருகிறவர்களுக்கு முன்பக்கத்தின் நகலைக் காட்டிக்கொண்டே இருக்கும்; அப்போதும் படம் தெரியும். மொத்தமாக அழித்தால் போய்விடும். படமும் போகும், மன்றமும் போகும். மன்றம் முழுவதையும் வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கும் பொறுப்பைப் பீரங்கி கேட்டு வாங்கியிருந்தார். கேட்டு வாங்கியதோடு சரி.

தூக்கம் கெட்டுக் காத்த இடம் அது. அம்மா செத்த வீட்டில் சடங்குக்கு மறுத்து, உறவெல்லாம் கைவிட்டபின் ஒருவர் அங்கே வந்து அழுதிருக்கிறார். விடிய விடிய நான்கு பேர் அவரோடு பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சும் அதற்குள்தான் இருந்தது. பீரங்கியின் நாற்பது பகுதிகளில் மிஞ்சிய பாதியும் இருந்தது. அதற்காக அவர் வருந்தவில்லை.

"நான் கும்பிடறது எதையும் நீங்க நம்பல, சரி," என்றாள் மனைவி, சாப்பாட்டை மேசையில் வைத்தபடி. "ஒரு பொண்ணு பயந்துட்டேன்னு சொன்னா, அதையாவது நம்புங்க. அதுக்கும் ஆதாரம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."

அதற்குள் படத்தின் கீழே மூன்றாவது பெயர் வந்திருந்தது. 'எனக்குத் தெரியும். மதியம் நேரில் சொல்கிறேன்.'

பல்செட்காரர் மெழுகுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். உறுதியாகத்தானா என்று சர்வர் கேட்டது. மறுபடியும் ஒருமுறை கேட்டது. அதுவும் மன்றத்து உறுப்பினர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அழுத்தினார். மன்றத்தைத் திறந்து பார்த்தார். வெள்ளைத் திரை. அந்தப் பெண்ணுக்கு 'எடுத்துட்டேன்மா' என்று மட்டும் அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது, அவள் பார்க்கவில்லை.

பீரங்கி அழைத்தார். சர்வாதிகாரி என்றார், நூலகத்தை எரித்தவன் என்றார், மதவாதிகள்கூட இதைச் செய்ய அஞ்சுவார்கள் என்றார். பல்செட்காரர் காதில் போனை வைத்தபடியே அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து பல்செட்டை வாங்கிப் போனான். மதியம் கடந்தது. மாலையும் ஆயிற்று. மனைவி பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆயுளில் முதல் தடவையாக அதைக் கேலி செய்ய அவருக்கு வாய் வரவில்லை.

இருட்டுவதற்குள் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது, நீளமாக.

மதியம் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, நம் தலைவரின் நாற்காலி நாத்திகர்களின் தளத்தில் இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் மடி இந்த வீட்டுப் பெண்ணுடையது என்று சொல்லிவிட்டான். மாமனார் அவளைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மகள் அவள் மடியில் இருந்தாள். காட்டு என்றார் மாமனார். அவன் போனைத் திறந்தான். பக்கம் வரவில்லை. மறுபடி திறந்தான், வரவில்லை. வேறொருவர் போனில் முயன்றான், வெள்ளைத் திரை. மாமனார் நெடுநேரம் அந்தத் திரையையே பார்த்தார். பிறகு எழுந்து, என் குடும்பத்தின் மேல் சேறு பூச வந்த பக்கத்தை நம் கண்ணெதிரிலேயே ஆண்டவன் துடைத்துவிட்டான் என்று அறிவித்தார். சேறு பூச வந்தவனை மன்னிப்புக் கேட்க வைத்தார். பிறகு நன்றி சொல்லி நீண்ட பிரார்த்தனை.

'நானும் கண்ணை மூடி நன்றி சொன்னேன் அண்ணா, உங்களுக்கு. புதுசா ஒரு இடம் ஆரம்பிச்சா சொல்லுங்க. ஆதாரம் மட்டும் கேக்காதீங்க.'

பல்செட்காரர் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாத்திகன் கையால அற்புதம் நடத்தறதுன்னா ஆண்டவனுக்கும் ஆள் பஞ்சம்தான் போல," என்றாள்.

புதிய இடத்துக்கு அவர் பூட்டு வைக்கவில்லை. பெயர் சொல்ல வேண்டாம், கதை சொல்ல வேண்டாம், எவரையும் அடையாளம் காட்டுவதை யார் பார்த்தாலும் உடனே மறைக்கலாம். அவ்வளவுதான் சட்டம். பழையவர்களுக்கெல்லாம் முகவரி அனுப்பினார். பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது: இரண்டு பக்க வாதங்களையும் பரிசீலித்ததில், படத்தை நீக்கலாம் என்பதே தம் முடிவு என்று. பல்செட்காரர் நன்றி சொன்னார்.

முதலில் வந்தவள் அந்தப் பெண். இப்போது வேறு பெயர். ஓடிப்போனவர்களில் சிலரும் எட்டிப் பார்த்துவிட்டு, விரட்ட ஆளில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருநாள் 'எளியவன்' என்று ஒருவர் வந்தார். தாம் புதியவர் என்றும், இந்தத் துறையில் அதிகம் தெரியாது என்றும் அடக்கமாகத் தொடங்கி, அடுத்த வரியிலேயே, இங்கே வருகிறவர்களைச் சோதிக்க ஏன் ஒரு குழு இல்லை என்று கேட்டிருந்தார். பீரங்கிக்கு வேடம் போடத் தெரியும், குரலை மாற்றத் தெரியாது. பல்செட்காரர் விரலை எழுத்துகளின் மேல் வைத்தபடி யோசித்தார். இருக்க விடுவதா? விட்டால் மறுபடி ஆரம்பிப்பாரா? அவளுக்குச் சொல்ல வேண்டாமா, இது யாரென்று?

அவர் முடிவெடுப்பதற்குள் கீழே பதில் வந்துவிட்டது. எழுதியவள் அவள்தான்.

'வாங்க, உட்காருங்க. இங்க யாரும் உங்களை எதுவும் கேக்க மாட்டோம்.'

எளியவன் வெகுநேரம் எதுவும் எழுதவில்லை. ஆனால் போகவும் இல்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பல்செட்காரர் விரலை எடுத்துக்கொண்டு, அடுத்த அச்சை எடுத்து வைத்து மெழுகை உருக்கத் தொடங்கினார். ஒரு கண் மட்டும் அந்த விளக்கின் மேலேயே இருந்தது.