ஒரே ஒரு பிரதி

ரேஷ்மி அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தைத் தாணு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். அவருடைய தமிழ் நாவலை அவள் மலையாளத்தில் மொழிபெயர்க்கிறாள். இறந்துபோன மனைவியைத் தேயிலைக் கொழுந்து லாரியில் வைத்து மலையிலிருந்து இறக்குகிற டிரைவரின் கதை. அவளுடைய மலையாளத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'அவள் விழித்துவிடக் கூடாதென்று வளைவுகளில் அவன் ஹார்ன் அடிக்கவில்லை.'

அந்த வரியைத் தாணு எழுதவில்லை. வேண்டாமென்று விட்டிருந்தார். எதிலிருந்து விட்டார் என்பதுதான் சங்கதி.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சாலைக் கடைத்தெருவில் இருக்கும் தன் ஹார்டுவேர் கடைக்கு ஆர்டர் பிடிக்க மலையோர ஊரான வித்துராவுக்குப் போனவர், மழைக்கு ஒரு வாசகசாலையில் ஒதுங்கினார். அலமாரியில் பழைய கையெழுத்து மாசிகை ஒன்று கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் எழுதும் கதைகளையெல்லாம் கையெழுத்து அழகாக உள்ள ஒருவர் உட்கார்ந்து எழுதித் தைத்து வைப்பது. அச்சு கிடையாது, உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. அதில் ஷிஜி என்ற பெண் மலையாளத்தில் எழுதிய அந்த லாரி டிரைவர் கதை இருந்தது. மழை விட்டபோது மாசிகை தாணுவின் பைக்குள் இருந்தது.

மனுஷனுக்கு எழுதவே வராதென்று சொல்ல மாட்டேன். நாலு புத்தகம் போட்டார், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவதாக இந்தக் கதையைத் தமிழில் நீட்டி எழுதினார். விருது வந்தது, மேடை வந்தது, ஆணி வாங்க வந்தவர்கள்கூடக் கும்பிட்டார்கள். கூச்சமெல்லாம் ஒரு வருஷத்தில் தேய்ந்து, தானே எழுதியதாக அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

ரேஷ்மிக்குப் போன் போட்டார். "மக்ளே, மூணுல ஒரு வரி கூட இருக்கே?"

"அது இல்லேன்னா ஒரு குறவு தோணுது சாரே. வேண்டாம்னா வெட்டட்டா?"

அவர் வெட்டச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

ஏழாம் அத்தியாயத்தில் இன்னும் மூன்று வரிகள் வந்தன. கடைசி அத்தியாயத்தில், அவர் மாற்றிவிட்டிருந்த பழைய முடிவு முழுசாக வந்து நின்றது. ஒரு சொல் பிசகவில்லை. தாணு ஓடிப்போய் பீரோவைத் திறந்தார். மாசிகை வைத்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் இவள் எங்கே வாசித்தாள்? பூட்டின வீட்டுக்குள் யாரோ இருமியதுபோல இருந்தது அவருக்கு.

சனிக்கிழமை மலையாளப் பதிப்புக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'இது முழுக்க என் சொந்தப் படைப்பு' என்று அதில் ஒரு வரி உண்டு. வெள்ளிக்கிழமை காலையில், மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மொட்டைமாடியில் மாசிகையைக் கொளுத்தினார். இனி எவராலும் ஒன்றும் நிரூபிக்க முடியாதென்று அன்று வயிறாரச் சாப்பிட்டார், பாவி.

மறுநாள் ரேஷ்மி வந்தாள். ஒப்பந்தத்தோடு, மஞ்சளேறிய கோடு போட்ட தாள்கட்டு ஒன்றையும் மேசையில் வைத்தாள். அடித்தல் திருத்தலோடு அதே கதை.

"ஷிஜி எங்க அம்மா," என்றாள். "மாசிகையில உள்ளது பார்த்துப் பகர்த்தி எழுதினதுதானே சாரே. அம்மா எழுதினது அம்மாகிட்டத்தான் இருக்கு."

அசல் பில்லும் கார்பன் காப்பியும் பார்த்தே நாற்பது வருஷம் கடை நடத்தியவர். நகலை எரித்துவிட்டு அசலை ஒழித்துவிட்டதாக நம்பியிருக்கிறார்.

"கேஸுக்குப் போகப் போறியா?" என்றார் தாணு.

"வக்கீல் எல்லாம் ரெடி பண்ணியாச்சு. அம்மாதான் வேண்டாம்னு நிக்கிறா. புத்தகத்துல அவ பேர் வரணும். பிறகு அந்த மாசிகை வேணும். ரெண்டும் கிடைச்சா கேஸ் இல்ல."

"கதைதான் இங்கே இருக்கே மக்ளே. அந்த மாசிகை எதுக்கு?"

"அதை எழுதினது எங்க அப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி, அம்மா கதையை ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதினாராம். போன வருஷம் அப்பா போயாச்சு. அவரு கையெழுத்துன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

தாணு ஒப்பந்தத்தை மேசையோரத்துக்குத் தள்ளிவைத்தார்.

"அம்மா கீழே ஆட்டோவுல இருக்கா, முட்டுவலி, படி ஏற வய்யா. சாரே கொண்டுவந்து கையில தரணும்னு சொன்னா," என்று ரேஷ்மி எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.